துப்பாக்கி அறை: செங்கலுக்கு முன்னால் உரிமம்

தனியார் காவல் நிறுவனம் தொடங்குபவர்களிடம் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. காவல் நிறுவனம் நடத்துவதற்கான 'பசாரா' உரிமம் கைக்கு வந்துவிட்டது. ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டுபோகும் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. கன்மேன் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கிறார். உடனே அலுவலகத்தின் பின்னறைக்கு இரும்புக் கதவு போட்டு, 'ஆர்மரி ரெடி' என்று சொல்லிவிடுகிறார்கள். கதவுக்குப் பின்னால் எத்தனை துப்பாக்கி, ஒவ்வொன்றும் யார் பெயரில், சாவி யார் கையில் என்ற மூன்று கேள்விகளுக்கும் காகிதத்தில் பதில் இல்லாவிட்டால், கதவு எவ்வளவு கனமாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது பதுக்கல்தான்.

ராணுவத்திலிருந்து வந்தவர்கள் இந்த அறையைக் 'கோத்' என்பார்கள். காவல்துறையில் 'பெல் ஆஃப் ஆர்ம்ஸ்'. இரண்டு இடத்திலும் அறைக்குப் பின்னால் அரசு இருக்கிறது. தனியாருக்கு அந்தப் பின்பலம் கிடையாது. எல்லாமே உரிமப் புத்தகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டு சட்டம், இரண்டு அனுமதி

1. தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம், 2005. 'பசாரா' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். காவலர்களை வேலைக்கு எடுத்து வாடிக்கையாளர்களிடம் நிறுத்தும் தொழிலை நடத்த இது அனுமதி தருகிறது. உரிமம் 5 ஆண்டுகளுக்கு. துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ இதில் எந்த அனுமதியும் இல்லை. ஆனால் கட்டுப்பாட்டு அதிகாரி நிறுவனத்துக்குள் வந்து பதிவேடுகளைப் பார்க்கலாம் என்று பிரிவு 16 சொல்கிறது.

2. ஆயுதச் சட்டம், 1959. அதன் கீழ் ஆயுத விதிகள், 2016. துப்பாக்கியும் தோட்டாவும் முழுக்க இதன் ஆட்சி. மாவட்டத்தில் ஆட்சியரும், சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையரும் உரிமம் தருவார்கள். .303, 9 மி.மீ. போன்ற குழல் அளவுகள் தடைசெய்யப்பட்ட ரகம். அவற்றுக்கு மத்திய உள்துறைதான் பதில் சொல்ல வேண்டும். அதனால் காவல் நிறுவனங்களில் கண்ணில் படுபவை பெரும்பாலும் 12 போர் துப்பாக்கி, .315 ரைபிள், .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின், முன்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் 12 போர் பம்ப் ஆக்‌ஷனும் அங்கங்கே உண்டு.

2019 டிசம்பரில் வந்த திருத்தம் இங்கே முக்கியம். ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை அது இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆக நீட்டியது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கான சாதாரணத் தண்டனையை 1–3 ஆண்டிலிருந்து 2–5 ஆண்டாக உயர்த்தியது.

இருபது துப்பாக்கி எங்கிருந்து வரும்?

2018 ஆகஸ்டில் மத்திய உள்துறை வெளியிட்ட பணப் போக்குவரத்து மாதிரி விதிகளின்படி, ஒரு பண வண்டியில் ஓட்டுநர், பணத்தைக் கையாளும் இருவர், ஆயுதக் காவலர் இருவர் என ஐந்து பேர் போக வேண்டும். பத்து வண்டி என்றால் இருபது துப்பாக்கி. ஒருவருக்கு இரண்டுதான் என்கிறது ஆயுதச் சட்டம். இந்த இடைவெளியில்தான் தொழிலே நடக்கிறது. அறையை எப்படி அமைப்பது என்பதையும் இதுவே தீர்மானிக்கிறது. துப்பாக்கி இரண்டு வழியில் வருகிறது.

முதல் வழி: நிறுவனத்தின் உரிமம். வங்கிக் கிளைகள் வைத்திருப்பது இந்த வகை. உரிமத்தில் பொறுப்பாளரின் பெயரும், துப்பாக்கியை எடுத்துச் செல்லும் பணியாளர்களின் பெயர்களும் இருக்கும். இந்தப் பணியாளர்களை 'ரிடெய்னர்' என்பார்கள். பெயர் ஏறாத கன்மேனிடம் துப்பாக்கியைக் கொடுத்தால், கொடுத்தவரும் வாங்கியவரும் மாட்டுவார்கள். இன்று வேலைக்குச் சேர்ந்தவருக்கு இன்றிரவே துப்பாக்கி கொடுக்க முடியாது என்பதை ஒப்பந்தம் போடும்போதே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது வழி: காவலரே தன் சொந்த உரிமத் துப்பாக்கியோடு வேலைக்கு வருவது. முன்னாள் ராணுவத்தினர் பலர் இப்படித்தான் சேருகிறார்கள். இங்கே இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, போலி உரிமம். வெளிமாநில உரிமத்தோடு வந்த காவலர்கள் பல மாநிலங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். ஆயுத உரிமங்களின் தேசியத் தரவுத்தளம் தரும் தனி அடையாள எண் (யூ.ஐ.என்.) இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கே எழுதிக் கேட்டு, வந்த பதிலைக் கோப்பில் வைக்க வேண்டும். இன்னொன்று, உடைமை. பணி முடிந்ததும் காவலர் தன் துப்பாக்கியை நிறுவன அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார், சாவி சூப்பர்வைசரிடம். அந்த இரவு முழுக்கத் துப்பாக்கி யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது? கையில் இல்லாவிட்டாலும், தெரிந்தே ஒரு பொருளின் மீது கட்டுப்பாடு வைத்திருந்தால் அதுவும் உடைமையே என்று 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. உரிமம் இல்லாத சூப்பர்வைசர் அந்த விளக்கத்துக்குள் கச்சிதமாக வந்து உட்காருவார். நிறுவனம் செய்த குற்றத்துக்கு அதன் பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளி என்று பிரிவு 33 சொல்வதால், நிர்வாக இயக்குநரும் தப்ப முடியாது.

ஆகவே சொந்தத் துப்பாக்கியை நிறுவன அறையில் வைப்பதைத் தவிர்ப்பதே நல்லது. வேறு வழியில்லை என்றால் ஒவ்வொருவருக்கும் தனி லாக்கர், அதன் ஒரே சாவி அவரிடம், வெளிக்கதவுச் சாவி மட்டும் நிறுவனத்திடம். இந்த ஏற்பாட்டையும் உரிமம் வழங்கும் அதிகாரிக்கு எழுதித் தெரிவித்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வாய்மொழிச் சம்மதம் அடுத்த அதிகாரி வரும்வரைதான்.

இடமும் சுவரும்

கீழே வரும் அளவுகள் சட்டப் புத்தகத்தில் அச்சடித்தவை அல்ல, நல்ல நடைமுறை. பார்வையிட வரும் காவல் அதிகாரி கூடுதலாகக் கேட்டால் அவர் கேட்பதுதான் அளவு.

கட்டடத்தின் நடுவில், வெளிச்சுவர் இல்லாத, ஜன்னல் இல்லாத, 24 மணி நேரமும் ஆள் உட்காரும் மேசையின் பார்வையில் படும் அறை வேண்டும். குளியலறைக்கோ தண்ணீர்த் தொட்டிக்கோ கீழே உள்ள அறை கூடாது. இருபது நீளத் துப்பாக்கிக்குப் பத்துக்கு எட்டு அடி போதும். ஒன்றுக்கொன்று 125 மி.மீ. இடைவெளி விட்டால் 2.5 மீட்டர் நீளம் வரும். பத்தடிச் சுவர் அதைத் தாங்கும்.

வாடகைக் கட்டடங்களில் நடக்கும் பெரிய தவறு கதவில் இல்லை. ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கிய கதவை நாலரை இஞ்ச் தடுப்புச் சுவரில் பொருத்திவிடுவார்கள். அந்தச் சுவரைக் கடப்பாறையால் சில நிமிடத்தில் திறந்துவிடலாம். அதைவிட மோசம் ஃபால்ஸ் சீலிங். தடுப்புச் சுவர் மேல்தளம் வரை போகாமல் சீலிங்கோடு நின்றிருக்கும். பக்கத்து அலுவலகத்தில் ஒரு பலகையைத் தூக்கினால் நேராகத் துப்பாக்கி அறைக்குள் இறங்கலாம். அறையைத் தேர்ந்தெடுக்கும் நாளில் ஏணி போட்டு சீலிங்குக்கு மேல் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வேறெந்தச் சோதனையும் இதற்குப் பிறகுதான்.

1. புதிதாகக் கட்டினால்: 150 மி.மீ. ஆர்.சி.சி. சுவர், 12 மி.மீ. கம்பி, இருபக்கமும் 150 மி.மீ. இடைவெளியில். மேலும் கீழும் ஆர்.சி.சி. தளம். ஓடு, ஷீட் கூரைக்கு இடமே இல்லை.

2. இருக்கும் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் என்றால்: உட்புறம் 12 மி.மீ. கம்பியை 100 மி.மீ. கட்டமாகப் பின்னி, ஒவ்வொரு சந்திப்பிலும் வெல்டிங் செய்து, சுவரிலும் தளத்திலும் கெமிக்கல் ஆங்கர் வைத்து இறுக்கிப் பூச வேண்டும். பூசும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் அளவுநாடா வைத்துப் படம் எடுத்துக் கோப்பில் சேருங்கள்; பூசிவிட்டால் உள்ளே கம்பி இருப்பதை யாருக்கும் நிரூபிக்க முடியாது.

3. காற்றோட்டத் துளை 150 மி.மீ.க்கு மேல் வேண்டாம். உள்ளே வளைவு, இருபக்கமும் கம்பி வலை. ஜன்னல் ஏசி கூடாது, கழற்றினால் அதுவே வாசல். ஸ்ப்ளிட் ஏசி குழாய் போகும் சிறு துளை பரவாயில்லை.

கதவு, அலமாரி, சாவி

கதவு இரண்டு. வெளியே எஃகுக் கதவு. ஸ்ட்ராங் ரூம் கதவுகளுக்கான ஐ.எஸ். 11188 முத்திரை உள்ளது கிடைத்தால் நல்லது. உள்ளே 16 மி.மீ. கம்பியில் கிரில் கதவு. வெளிக்கதவு திறந்திருக்கும் நேரத்திலும் கிரில் பூட்டியே இருக்கும். கொடுக்கல் வாங்கல் எல்லாம் கிரில்லில் விட்ட சிறு திறப்பு வழியாக. காவலர் யாரும் உள்ளே கால் வைக்கத் தேவையில்லை. கீல் வெளிப்பக்கம் இருந்தால், கீலை அறுத்தாலும் கதவு நகராதபடி கீல் பக்கத்தில் உள்ளே நிலையான தாழ்முனைகள் வேண்டும். இதைக் கேட்டு வாங்காவிட்டால் உள்ளூர்ப் பட்டறையில் வைக்க மாட்டார்கள்.

அலமாரி குறைந்தது 3 மி.மீ. தகடு. ஒன்றரை மீட்டர் உயர அலமாரி வெறுமனேயே நூறு கிலோவைத் தாண்டும். கனமாக இருக்கிறதே என்று சும்மா நிறுத்திவைக்கிறார்கள். நாலு பேருக்கு நூறு கிலோ பெரிய விஷயமில்லை. உள்ளிருந்து நான்கு 12 மி.மீ. ஆங்கர் போல்ட் அடித்து தரையோடும் சுவரோடும் பிணைக்க வேண்டும். கைத்துப்பாக்கிக்குத் தனி லாக்கர். தோட்டாவுக்கு வேறு அலமாரி, வேறு சாவி, அந்தச் சாவி வேறு ஆளிடம். துப்பாக்கியை எடுப்பவரால் தனியாகத் தோட்டாவை எடுக்க முடியக் கூடாது.

வெளிக்கதவுக்கு இரண்டு பூட்டு, இரண்டு பொறுப்பாளர். இருவர் சாவியையும் ஒரே வளையத்தில் மாட்டி மேசை டிராயரில் போடுவது ஊரெங்கும் காணும் காட்சி. அப்புறம் இரண்டு பூட்டு எதற்கு? மாற்றுச் சாவிகளை உறையில் இட்டு, ஒட்டுவாயின் குறுக்கே இருவரும் கையெழுத்திட்டு, வங்கி லாக்கரில் வைக்க வேண்டும். சாவிப் பொறுப்பாளர் வேலையை விட்டால், நல்லபடியாக விட்டாலும், பூட்டை மாற்றுங்கள்.

கேமரா இரண்டு உள்ளே: ஒன்று அலமாரி முகத்தையும் இன்னொன்று பதிவேட்டு மேசையையும் பார்க்க வேண்டும். வெளியே ஒன்று. பதிவுப் பெட்டியைத் துப்பாக்கி அறைக்குள் வைக்காதீர்கள். அது பழுதாகும் ஒவ்வொரு முறையும் ஒரு மெக்கானிக்கை உள்ளே விட வேண்டியிருக்கும்.

தீ விஷயத்தில் ஒரு பயம் தேவையில்லை: சிறுதோட்டாக்கள் மொத்தமாக வெடித்துக் கட்டடத்தைத் தூக்காது. குழலுக்குள் இல்லாத தோட்டா சூட்டில் பிளந்து துணுக்குகளைச் சிதறவிடும். அணைக்க வருபவர்களுக்கு அது ஆபத்து. எனவே 6 கிலோ ஏ.பி.சி. அணைப்பான் கதவுக்கு வெளியே, புகை உணரி உள்ளே, தின்னர், மண்ணெண்ணெய், துப்பாக்கி துடைக்கும் கரைப்பான் எதுவும் உள்ளே கிடையாது. 'ஆயுத அறை' என்று பலகை மாட்ட வேண்டாம். அறை இருப்பதைத் தீயணைப்பு நிலையத்துக்கு மட்டும் கடிதமாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

மணல் பீப்பாய்

விபத்துகள் நடக்கும் இடம் அறை வாசல்தான். இரவு பணி முடித்துக் களைத்து வரும் ஆள், 'காலியாத்தான் இருக்கு' என்று விசையை இழுத்துக் காட்டும் அந்த நொடி. மேலே சொன்ன பணப் போக்குவரத்து மாதிரி விதிகள் நகரில் இரவு 9 மணிக்கு மேல் ஏடிஎம்மில் பணம் நிரப்பக் கூடாது என்பதால், எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் திரும்புகின்றன. கிரில்லுக்கு முன் கூட்டம் சேர்ந்துவிடும்.

கிரில்லுக்கு வெளியே, ஆள் நடமாடாத சுவர்ப் பக்கம் 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை நிறுத்தி, சலித்த உலர் மணல் நிரப்ப வேண்டும்; தவறி வெடித்தால் குண்டு அதில் புதையும். எடை 320 கிலோ வரும். மாடியில் வைப்பதற்கு முன் தளத்தை யோசியுங்கள். மணலில் ஜல்லி கலந்திருந்தால் குண்டு தெறிக்கும். மூடியில் 10 செ.மீ. துளை, அதன் மேல் ரப்பர் தகடு. குழல் முனை துளைக்குள் இருக்கும்போது மட்டும் தோட்டாவை இறக்கும் வேலை நடக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர். மற்றவர்கள் மூன்று மீட்டர் பின்னால்.

1. பிஸ்டல்: முதலில் மேகஸினைக் கழற்று, பிறகு ஸ்லைடை இழு. வரிசை மாறினால், இழுத்த வேகத்தில் மேகஸினிலிருந்து அடுத்த தோட்டா, குழலின் பின்னுள்ள தோட்டா அறைக்குள் ஏறிவிடும். அதன் பிறகு மேகஸினைக் கழற்றினால் துப்பாக்கி காலி போலத் தெரியும், ஆனால் ஒன்று உள்ளே இருக்கும்.

2. கான்பூர் .32 ரிவால்வர்: மேல்புறம் மடக்கித் திறந்து, ஆறு அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்.

3. இரட்டைக் குழல்: மடக்கு, இரண்டையும் எடு, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்.

4. பம்ப் ஆக்‌ஷன்: குழாய் மேகஸினில் எத்தனை இருக்கிறது என்று வெளியே தெரியாது. முழுக்கக் காலியான பிறகும் ஒரு முறை இழுத்துப் பார்த்து, தோட்டா அறையிலும் குழாய் வாயிலும் விரல் விட்டுப் பார்.

பொறுப்பாளர் தன் கண்ணால் பார்த்து 'காலி' என்று சொன்ன பிறகுதான் துப்பாக்கி கிரில்லைத் தாண்டும்.

பதிவேடு

கம்ப்யூட்டரில் எவ்வளவு அழகாக வைத்திருந்தாலும், பார்வையிட வருபவர் கேட்பது தைத்துக் கட்டிய, பக்க எண் அச்சடித்த புத்தகத்தை. ஆயுத இருப்பு, கொடுக்கல் வாங்கல், தோட்டாக் கணக்கு, சாவி, பராமரிப்பு, வந்துபோனவர் என ஆறு புத்தகங்கள் போதும். ஒரு கொடுக்கல் வரி இப்படி இருக்கும்:

'காலை 6.40. துப்பாக்கி எண் 7, 12 போர் இரட்டைக் குழல், உடல் எண், உரிம எண். தோட்டா 10. பெயர், ரிடெய்னர் வரிசை எண். வண்டி எண், வழித்தடம். பெற்றவர் கையெழுத்து, கொடுத்தவர் கையெழுத்து.' திரும்பும்போது அதே வரியின் வலப்பாதி நிரம்ப வேண்டும்.

உடல் எண்ணைப் பழைய வரியைப் பார்த்து எழுதக் கூடாது. உலோகத்தைப் பார்த்து எழுத வேண்டும். உரிமத்தில் ஓர் எண், துப்பாக்கியில் வேறு எண் என்ற பிழை வருடக்கணக்கில் தூங்குவது இந்தப் பழக்கத்தால்தான். ஒயிட்னர் கூடாது, பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம்.

பத்து போய் ஒன்பது திரும்பினால்? காவலரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். துப்பாக்கியின் தோட்டா அறை, குழாய் மேகஸின், தோட்டாப் பை, வண்டி இருக்கை, மணல் பீப்பாய் மேல்பரப்பு என்று வரிசையாகத் தேடி, ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதுங்கள். கிடைக்கவில்லை என்றால் உடனே அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல். தொலைந்ததை உடனடியாகத் தெரிவிப்பது உரிமத்தின் நிபந்தனை. நாளைக்குக் கிடைத்துவிடும் என்று கடையில் ஒரு தோட்டா வாங்கிக் கணக்கை நேர் செய்வது, தொலைத்ததைவிடப் பெரிய சிக்கலில் விடும். சுட்ட தோட்டாவின் காலிக் குப்பியையும் எறியாமல் கணக்கில் வையுங்கள். புதிதாக வாங்கப் போகும்போது கேட்பார்கள்.

வழித்தட வரியைப் பொறுப்பாளர் படித்துப் பார்க்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. ஓசூரிலிருந்து பெங்களூரு பக்கம்தான். உரிமம் தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் என்றால், கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டிய நொடியில் வண்டிக்குள் இருப்பது உரிமமில்லாத ஆயுதம்.

துரு

சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் துப்பாக்கியைத் திருடனைவிட வேகமாகக் கொண்டுபோவது ஈரம். ஏசி போட்டால் போதும் என்று நினைப்பது பாதிதான் சரி. வெளியே 33 டிகிரி, ஈரப்பதம் 75 சதம் என்றால், 28 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்த உலோகத்திலும் பனி படியும். 22 டிகிரி அறையிலிருந்து எடுத்து நேராக வண்டிக்குக் கொண்டுபோன துப்பாக்கி இரண்டு நிமிடத்தில் வேர்க்கும். அதைத் துடைக்காமல் உறையில் செருகுவார்கள். ஏசியை 27, 28-ல் வைத்து, தனியாக ஒரு டிஹியுமிடிஃபையர் போட்டு ஈரப்பதத்தை 50 சதத்தை ஒட்டி வைத்திருப்பதே பலன் தரும். அலமாரிக்குள் நீல சிலிகா ஜெல். இளஞ்சிவப்பானால் வறுத்து மீட்கலாம். துப்பாக்கி நிற்கும் இடத்தில் வெல்வெட் துணி ஒட்டுவது பார்க்க அழகு. அது உப்பையும் ஈரத்தையும் பிடித்துவைத்து, சரியாக அந்த இடத்தில்தான் அரிக்கும். ரப்பர் போடுங்கள். தோல் உறைக்குள் கைத்துப்பாக்கியை வைத்துப் பூட்டவும் வேண்டாம்.

பூட்டு சரி, காகிதம்?

2013 அக்டோபர் 12 அன்று தூத்துக்குடி கடற்பகுதியில் 'சீமேன் கார்டு ஓஹையோ' என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை பிடித்தது. கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கப்பல் அது. 35 பேர், 35 துப்பாக்கி, 5,680 தோட்டா. துப்பாக்கிகளை யாரும் சுடவில்லை, கடத்தவில்லை. எந்தக் கடல் எல்லையில், எந்த நாட்டு அனுமதியோடு அவை இருந்தன என்பதுதான் கேள்வி. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் 5 ஆண்டுச் சிறை விதித்தது. 2017 நவம்பர் 27 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. விடுதலைதான், ஆனால் அதற்குள் நான்கு ஆண்டு போய்விட்டது.

அறை காலியாகும் நாட்கள்

தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். வங்கிக் காவலுக்கு விலக்கு கிடைப்பதுண்டு; காவல் நிறுவனம் அது தனக்கும் தானாக வரும் என்று காத்திருக்கக் கூடாது. ஒப்பந்த நகல், ரிடெய்னர் பட்டியல், வழித்தடம் மூன்றையும் இணைத்துத் தனி மனு போட வேண்டும். தேதி அறிவித்த பிறகு எழுதத் தொடங்கினால் அதற்குள் துப்பாக்கிகள் காவல் நிலையத்தில் இருக்கும், வண்டிகள் நின்றுவிடும்.

உரிமம் காலாவதியானாலோ ரத்தானாலோ, அந்தத் துப்பாக்கி ஒரு நாள்கூட உங்கள் அலமாரியில் இருக்கக் கூடாது. பிரிவு 21-ன்படி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ரசீதில் உடல் எண், தோட்டா எண்ணிக்கை, துப்பாக்கியின் நிலை ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துவிட்டு வாருங்கள். மழைக்காலம் முழுக்க நிலையக் கிடங்கில் கிடந்து துருவோடு திரும்பும்போது, போன அன்று அது எப்படி இருந்தது என்பதற்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி.